தேயிலை ஃபேக்டரி அலுவலக இபிஏபிஎக்ஸில் கார்ட்லெஸ் போன் இணைப்பது எப்படி?

குன்னூர்ப் பக்கத்து ஃபேக்டரிகளில் மேஜை போன் மணியடிக்கும் நேரத்தில், எடுக்க வேண்டியவர் கீழே இலை எடை போட்டுக்கொண்டிருப்பார். ஒரு கார்ட்லெஸ் போதும். ஆனால் அதை இபிஏபிஎக்ஸின் (அலுவலகப் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) எந்த எக்ஸ்டென்ஷனில், அதாவது எந்த உள் இணைப்பில், மாட்டுகிறோம் என்பதுதான் முக்கியம்.

சாதாரண பட்டன் போன் ஏற்கெனவே ஓடும் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். அது அனலாக். ஆபரேட்டர் மேஜையில் இருக்கும் டிஜிட்டல் கீ போனின் இணைப்பில் கடையில் வாங்கும் கார்ட்லெஸ் ஓடாது.

பேஸின் (கார்ட்லெஸின் அடிப்பெட்டி) லைன் வயரை அந்தச் சாக்கெட்டில் செருகுங்கள். அடாப்டரை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். இபிஏபிஎக்ஸுக்கு பேக்கப் இருந்தாலும், பேஸுக்குக் கரண்ட் இல்லையென்றால் ஹேண்ட்செட் ஊமைதான். ரீசார்ஜ் ஆகும் நிக்கல் பேட்டரிகளை மட்டும் போட்டு, முதல் நாள் இரவு முழுக்க சார்ஜில் வையுங்கள். டயலிங் முறை 'டோன்' என்றிருக்கட்டும்.

முதலில் பக்கத்து எக்ஸ்டென்ஷனுக்கு அடித்துப் பாருங்கள். அடுத்து வெளி லைன். வெளியே போக 0 அழுத்தும் அலுவலகம் என்றால், கோத்தகிரி எண்ணை 0, பிறகு 04266 என்று இரண்டு பூஜ்யத்தோடு அடிக்க வேண்டும். போன்புக்கில் சேமிக்கும்போது முதல் 0-க்குப் பின் 'பாஸ்' (Pause, சின்ன இடைவெளி) ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வெளி லைன் டோன் வருவதற்குள் எண்கள் ஓடிவிட்டால் கால் போகாது.

புதிதாக மாட்டுபவர்கள் அதிகம் தடுமாறுவது கால் டிரான்ஸ்ஃபரில். ஃப்ளாஷ் அழுத்தி, டோன் கேட்டதும் எக்ஸ்டென்ஷன் எண்ணை அடிக்க வேண்டும். ஃப்ளாஷ் என்பது லைனை ஒரு நொடிக்கும் குறைவாகத் துண்டித்துச் சேர்ப்பது. 100 மில்லிசெகண்டில் வைத்தால் பல இபிஏபிஎக்ஸ்கள் அதைக் கண்டுகொள்ளாது. ரொம்ப நீண்டால் போனை வைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு காலையே வெட்டிவிடும். 600-ல் தொடங்கி, மெனுவில் ஒவ்வொரு அளவாக மாற்றிப் பாருங்கள். பொறுமையாகச் செய்தால் பத்து நிமிட வேலை.

பேஸை இரும்பு பீரோ மேல் வைக்காதீர்கள். வைஃபை ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, ஜன்னல் பக்கம் உயரமாக வையுங்கள். பழைய கருங்கல் சுவரும் தகரச் சுவரும் சிக்னலை நன்றாகவே குறைக்கும். பேசிக்கொண்டே எடை மேடைவரை நடந்து, எங்கே குரல் விட்டுவிட்டு வருகிறதோ அதை வைத்து இடத்தை மாற்றுங்கள்.

ஐப்பசி மழையில் கரகரப்பு வந்தால் ஹேண்ட்செட்டைக் குறை சொல்வதற்கு முன், அதே சாக்கெட்டில் சாதாரண போனை மாட்டிக் கேளுங்கள். அதிலும் கரகரத்தால் ஈரம் ஏறிய வயர்தான். செம்பு பச்சை பூத்திருக்கும்; அந்த நுனியை வெட்டி, புது ஆர்ஜே11 பிளக் போடுங்கள்.