கைப்பட்டை விற்கப் போன இடத்தில்: அடல்ட் வர்த்தகக் கண்காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தோல் பட்டறை. பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் கடலூரிலிருந்து காலை பஸ்ஸில் வருபவர்கள். பெல்ட், பர்ஸ், நாய்க்குக் கழுத்துப்பட்டை என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஐரோப்பாவிலிருந்து ஒரு படம் வந்தது. உள்பக்கம் மெத்தென்று தோல் வைத்துத் தைத்து, பக்கிளும் வளையமும் போட்ட பட்டை, ஜோடி ஜோடியாக வேண்டுமாம். தைக்கிற அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த மிருகத்துக்கு தம்பி?" என்றார். மனிதர் கைக்குத்தான், படுக்கையறை விளையாட்டுக்கு என்று அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை "குதிரை சாமான்" என்றே சொல்லி வைத்திருந்தேன்.

அந்தக் கூச்சம்தான் பின்னால் நான் செய்த முக்கால்வாசித் தவறுகளுக்கும் காரணம். 2023 அக்டோபரிலும் 2024 அக்டோபரிலும் ஜெர்மனியின் ஹானோவருக்கு இந்தத் தொழிலின் வர்த்தகக் கண்காட்சிக்குப் போனேன். முதல் தடவை போய்ச் சொதப்பியதைத்தான் இங்கே பெரும்பாலும் சொல்லப் போகிறேன். தோலோ, அட்டைப்பெட்டியோ, வெப்சைட் வேலையோ, நம் பக்கத்திலிருந்து இந்தத் தொழிலுக்குச் சரக்கு கொடுக்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில், எந்தக் கண்காட்சி என்று பார்க்காமல் டிக்கெட் போடுவது. பெர்லினில் 1997 முதல் நடக்கும் வீனஸ், 18 வயது தாண்டிய பொதுமக்களையும் உள்ளே விடும். மேடை நிகழ்ச்சி, கூட்டம், சத்தம் எல்லாம் உண்டு. லாஸ் வேகாஸில் ஜனவரியில் நடக்கும் ஏவிஎன் கண்காட்சியிலும் ரசிகர்களுக்குத் தனி நேரம் இருக்கிறது. ஹானோவரின் ஈரோஃபேம் அப்படியல்ல; வியாபாரிகளுக்கு மட்டும், நிறுவனச் சான்று காட்டினால்தான் பேட்ஜ். பொருள் விற்கப் போகிறவர் ரசிகர் கூட்டத்தில் மாட்டினால் நாள் முழுக்க இடிபட்டு, ஒரு விசிட்டிங் கார்டுகூட வாங்காமல் திரும்புவார். வேகாஸ் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஊரில் பாலியல் தொழில் சட்டப்படி சரி என்று பலர் நினைக்கிறார்கள். நெவாடாவின் சில கிராமப்புற மாவட்டங்களில்தான் அனுமதி. வேகாஸ் இருக்கும் கிளார்க் மாவட்டத்தில் கிடையாது.

அடுத்தது விசா. "நம்ம ஊர்லயே பிரெஞ்சு கான்சுலேட் இருக்கு, அங்கயே போட்டுடலாம்" என்று புதுச்சேரியில் ஆளுக்கு ஆள் சொல்வார்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். ஹானோவரில் நான்கு நாள், பாரிஸில் ஒரு நாள் என்றால் சென்னை வழியாக ஜெர்மனிக்குத்தான் விண்ணப்பம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். இதெல்லாம் ஏஜென்டே சொல்லிவிடுவார். அவர் தப்பாகச் சொல்வது ஒன்று உண்டு: "எதுக்கு சார் இதெல்லாம், டூரிஸ்ட்னு போட்டுடுங்க." போடாதீர்கள். கண்காட்சிக்காரர்கள் தரும் அழைப்புக் கடிதத்தை வைத்து, தோல் பொருள் வியாபாரம் என்று உள்ளபடி எழுதுங்கள். சூட்கேஸ் நிறைய கைப்பட்டை சாம்பிளோடு போய் இறங்கிவிட்டு, ஊர் சுற்ற வந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பில்லிலும் இதே கதைதான். கூச்சத்தில் நான் முதல் சரக்கை 'குதிரைச் சேணம்' என்று எழுதப் பார்த்தேன். சுங்கக் குறியீட்டில் 4201 என்பது விலங்குகளுக்கான சேணம், கடிவாளம், பட்டை. மனிதர் உடலில் அணியும் தோல் சாமான்கள் 4203-இல் வரும். எங்கள் ஆடிட்டர், வயதானவர், விபூதி வைத்தவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மனுஷன் போட்டுக்கறதுதானே? அப்புறம் எதுக்குய்யா குதிரையைக் கூப்பிடறே?" என்றார். அவருக்கு இல்லாத கூச்சம் எனக்கு இருந்தது.

சரி, யாரைக் கூட்டிப்போவது? முதல் வருஷம் என் மச்சானைக் கூட்டிப்போனேன். "மாமா, துணைக்கு நானும் வரேன்" என்றான். தோலைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது; வேடிக்கை பார்க்கத்தான் வந்தான். முதல் நாள் மதியத்துக்குள், ஒரு ஸ்டாலில் விளம்பரத்துக்காக நின்ற நடிகையை அவருக்குத் தெரியாமல் படம் எடுத்துவிட்டான். காவலர் வந்து, அவன் கண்ணெதிரே படத்தை அழிக்க வைத்தார். என்னோடு அரைமணி நேரம் விலை பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் அவர் பேச்சு சுருங்கிவிட்டது. ஆளுக்கொரு வேலை இல்லாமல் யாரையும் கூட்டிப்போகாதீர்கள். உறவுக்காரர் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள்.

ஃபோன் விஷயம் அதோடு முடியவில்லை. அவன் எடுத்த இன்னொரு படம் அதற்குள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் கடலூர் வரை போயிருந்தது. ஜெர்மனியில் ஸ்டாலில் தொங்குவது அங்கே வெறும் போஸ்டர். அதையே நம் ஊர் ஃபோனுக்கு அனுப்பினால் நம் சட்டம் பேசும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில், ஆபாசமானதை மின்னணு வழியில் அனுப்புவதற்கு முதல் முறையே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிப்படையான பாலுறவுக் காட்சி என்றால் 67ஏ பிரிவு. 5 ஆண்டு, 10 லட்சம் வரை. கேட்டலாக் அச்சடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவு, ஆபாசப் பொருளை ஏற்றுமதி செய்வதையும் குற்றம் என்கிறது. தோல் பட்டையில் ஆபாசம் எதுவும் இல்லை. ஆனால் அதை மாட்டிய நிர்வாணப் படத்தை அட்டையில் போட்டால் வம்பு. நாங்கள் ஒரு மர பொம்மைக் கையில் மாட்டிப் படம் எடுத்தோம். பக்கிளும் தையலும் தெளிவாகத் தெரிந்தன. வாங்குபவருக்கு வேண்டியது அதுதான்.

இனி ஸ்டால். அங்கே யாராவது கண்ணடித்துச் சிரித்துப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். என்னிடம் முதலில் வந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி, பட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "குரோமியம் சிக்ஸ் ரிப்போர்ட் இருக்கிறதா?" என்றார். நான் முழித்தேன். குரோம் போட்டுப் பதனிட்ட தோலில், வேலை சரியில்லாவிட்டால், ஆறாம் நிலைக் குரோமியம் உண்டாகும். சருமத்தில் பட்டால் அரிப்பு, அலர்ஜி. சருமத்தில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பக்கிளிலிருந்து கசியும் நிக்கலுக்கும் வரம்பு உண்டு. இடுப்பு பெல்ட்டுக்கும் இதே விதிதான், ஆனால் கைப்பட்டை வியர்த்த சருமத்தில் மணிக்கணக்கில் இறுக்கமாக இருப்பது. அதனால் இந்தத் தொழிலில் கேள்வி இன்னும் கறார். சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-லிருந்து இருக்கிறது. நம் வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். சோதனை அறிக்கை இல்லாமல் ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து போன என் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல! இரண்டாம் வருஷம் உள்பக்கத் தோலை மட்டும் மரப்பட்டையில் பதனிட்டதாக மாற்றினோம். அறிக்கையை முதல் பக்கத்திலேயே செருகி வைத்தோம். சிலிகோனில் பாலியல் பொம்மை செய்கிறவர்களாக இருந்தால் ஐஎஸ்ஓ 3533 என்று 2021-இல் வந்த தரநிர்ணயத்தைப் படித்துவிட்டுப் போங்கள், அதைத்தான் கேட்பார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: வெப்சைட்டில் நேரடியாக விற்க நினைத்தால், பல பேமென்ட் நிறுவனங்கள் அடல்ட் பொருளை ஏற்பதில்லை. கணக்கு தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு தெரிந்தால் பணம் நடுவழியில் நிற்கும்.

மாலை விருந்துகளுக்கு வருவோம். என் காசு கரைந்த இடம் அது. புதுச்சேரிக்காரனுக்குச் சரக்கு புதிதா என்ற ஒரு அசட்டுத் தெம்பு என்னிடம் இருந்தது. பகலெல்லாம் சரியாகச் சாப்பிடாமல், கடும் பசியோடு இலவச பியர் மூன்று. எதிரே ஒரு மொத்த வியாபாரி, நல்ல மனுஷன், தோளில் தட்டி விலை கேட்டார். ஜோடிக்கு இரண்டு யூரோ குறைத்துச் சொல்லிவிட்டேன். காலையில் நான் மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை. மெயிலில் அதே விலை வந்து நின்றது. விருந்தில் விலை பேசாதீர்கள். முகம் பழகுங்கள், "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டாலுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு நகருங்கள். வாங்கிய கார்டின் பின்னால் ஒரு வரி குறித்து வையுங்கள். மறுநாள் முப்பது கார்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பேச்சு தொடங்குவதிலும் நமக்கு ஒரு பழக்கதோஷம். சொந்த ஊர் எது, கல்யாணம் ஆயிடுச்சா, எத்தனை பிள்ளைகள் என்றுதான் நாம் பிரியமாக ஆரம்பிப்போம். அங்கே பலர் தொழிலுக்கென்று வைத்துக்கொண்ட பெயரில் இருக்கிறார்கள். நிஜப் பெயரையும் ஊரையும் மறைப்பது அவர்கள் பாதுகாப்புக்காக. "உண்மையான பேர் என்ன?" என்று கேட்பது நட்பாகாது, துருவுவது. "வீட்டில் தெரியுமா?" என்பது அதைவிட மோசம். மச்சான் அதையும் கேட்டான். அந்தப் பெண் சிரித்தபடியே, "உங்கள் வீட்டில் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார். நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். எங்கள் வீட்டில் தெரியாதுதான்.

நடிகைகளும் நடிகர்களும் குறைந்த உடையில் நிற்பது அவர்கள் வேலைக்கான சீருடை. அது நமக்கான அழைப்பு அல்ல. படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். பக்கத்தில் நிற்கும்போது கை நம் பையில் இருக்கட்டும். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் அதோடு முடிந்தது. சும்மா சொல்கிறார்கள், இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்ற நம் சினிமா ஞானத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். அறைக்கு வாங்க, மீதி பேசலாம் என்று வியாபாரம் பேசுபவர்களைக் கூப்பிடுவதும் அப்படித்தான். உங்கள் மனதில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கேட்பவர் காதில் வேறாக விழும். ஹோட்டல் லாபியில் காபி குடித்துக்கொண்டே பேசினால் போயிற்று.

2024-இல் மச்சானுக்குப் பதில் அக்கா வந்தாள். பட்டறையில் பேட்டர்ன் வெட்டுவது அவள்தான். பெண்களை இந்த இடத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று நான்தான் தயங்கினேன். "டேய், வெட்டுறது நானு, தைக்கிறது நம்ம ஆளுங்க, விக்கிறதுக்கு மட்டும் உனக்கு வெக்கமா?" என்றாள். வாங்க வந்தவர்களில் பெண்கள் நிறைய. அவர்கள் நேராக அவளிடம்தான் போனார்கள். ஒல்லி மணிக்கட்டுக்கு எத்தனை ஓட்டை, அவசரத்துக்கு ஒரு கையால் பக்கிளைக் கழற்ற முடியுமா என்று என்னிடம் யாரும் கேட்காத கேள்விகள் எல்லாம் வந்தன. விருந்துக்கு அவள் ஒன்றரை மணி நேரம் மட்டும் வந்தாள். கையில் இருந்த ஜூஸ் கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை. தானே டாக்சி வைத்துத் திரும்பினாள். தனியாகப் போகும் பெண்களுக்கு அவள் சொல்வதும் இந்த இரண்டைத்தான்.

திரும்பும்போது பையில் இலவசப் பொருள்களை அள்ளிக்கொண்டு வராதீர்கள். ஆபாசப் பொருள் இறக்குமதியைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டு சுங்க அறிவிக்கை இன்னும் இருக்கிறது. உடல் மசாஜர்கள் அந்தத் தடைக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் நள்ளிரவில் சென்னை விமான நிலையத்தில் அந்தத் தீர்ப்பை விளக்கிக்கொண்டு நிற்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? நம் சாம்பிள்கள் போய்த் திரும்புவதற்கு வர்த்தகக் கூட்டமைப்பான ஃபிக்கி தரும் ஏடிஏ கார்னே (சாம்பிளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம்) வாங்கிக்கொள்ளலாம். எத்தனை உருப்படி என்ற பட்டியல் கையில் இருக்கும்.

கடைசியாக, தேதி. முடியாத தேதிக்கு வாக்குக் கொடுப்பதை நம் ஊர்க்காரர்கள்தான் செய்வோம். கண்காட்சி அக்டோபரில், பிப்ரவரி 14-க்குக் கடையில் பொருள் வேண்டும் என்பார்கள். 2023-இல் நான் ஜம்பமாக "டிசம்பர் 15" என்றேன். நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தோல் காயாது, பசை இழுக்காது, பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைக்கு என்று கடையில் கிடைக்கிற பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் முடியாது. டைமெத்தில் ஃபியூமரேட் என்ற ரசாயனம் கலந்தது 2009 முதல் ஐரோப்பாவில் தடை. சிலிகா ஜெல் மட்டும்தான். அந்த வருஷம் மூன்று வாரம் தாமதம், இரண்டு மன்னிப்பு மெயில்.

அக்கா 2024-இல் "ஜனவரி 10" என்றாள். எதிரே இருந்தவர் முகம் சுளித்தார், அவள் அசையவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பட்டறைக்குள் தண்ணீர். தோல் கட்டுகளை முன்கூட்டியே பரணில் ஏற்றியிருந்ததால் தப்பின. டிசம்பர் முழுக்க ஃபேன் ஓடியது. ஜனவரி 9 அன்று பெட்டி கிளம்பியது. மறுநாள் பட்டறைக் கரும்பலகையில் தைக்கிற அண்ணன் எழுதி வைத்திருந்த கணக்கைப் பார்த்தேன்: நாய் கழுத்து 60, மனுஷன் கை 240 ஜோடி.