எல்டிஓ போட்டதும் பில்ட் உடைகிறதா?

எல்டிஓ (LTO: லிங்க் செய்யும்போது எல்லாக் கோப்புகளையும் சேர்த்து மேம்படுத்தும் கம்பைலர் வசதி) போட்டதும் 'டைப் மிஸ்மேட்ச்' என்ற எச்சரிக்கையால் பில்ட் உடைந்தால், சி மொழிக் கோப்புக்குள் யாரோ கையால் எழுதிவைத்த எக்ஸ்டர்ன் வரியை (வேறு கோப்பில் உள்ளதை இங்கே அறிவிக்கும் வரி) தேடி அழித்துவிடுங்கள். அந்த அறிவிப்பை ஒரே ஹெடரில் (பல கோப்புகள் பகிரும் அறிவிப்புக் கோப்பு) வைத்து, பயன்படுத்தும் கோப்பில் மட்டுமல்ல, வரையறுக்கும் கோப்பிலும் இன்க்ளூட் செய்யுங்கள். இந்த இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சி கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். கம்பைல் ஆனவற்றை இணைக்கும் சாதாரண லிங்கரோ பெயரை மட்டும் பொருத்தும், டைப்பைக் கண்டுகொள்ளாது. வரையறுக்கும் கோப்பில் இன்ட், பயன்படுத்தும் கோப்பில் லாங் என்றிருந்தால், 64-பிட் லினக்ஸில் 4 பைட் இடத்திலிருந்து 8 பைட் படிக்கப்படும். எல்டிஓ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதால் இது மாட்டிக்கொள்கிறது. பிழை பழசு, வெளிச்சம்தான் புதுசு. ஆகவே எச்சரிக்கையை அணைத்துவிட்டு நகர்வது சரியில்லை. பொது ஹெடர் இருந்தால் எல்டிஓ இல்லாமலேயே, கம்பைல் ஆகும்போதே தவறு தெரிந்துவிடும்.

ஹெடர் ஏற்கெனவே பொதுவாக இருந்தும் பிழை வந்தால் இது உதவாது. மேக்ரோ வேறுபாட்டால் ஸ்ட்ரக்டின் உறுப்புகள் கோப்புக்குக் கோப்பு மாறியிருக்கலாம். கம்பைல் ஆப்ஷன்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத வெளியார் கோடு என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் எல்டிஓவை நிறுத்திவிடலாம்.