இரண்டெழுத்துக் கூட்டங்களைக் கொண்டு ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தல்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கங்களில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் தடையின்றிப் பேசுகிறார்கள். ஆங்கிலச் சொற்கள் மட்டும் மனப்பாடமாக ஏறி, தேர்வு முடிந்ததும் இறங்கிவிடுகின்றன. அகராதி வரிசைப்படி ‘ஏ’யில் பத்துச் சொற்கள், ‘பி’யில் பத்துச் சொற்கள் என்று எழுதிக் கொடுப்பதால் பெரிய பயன் இல்லை, முதலெழுத்து ஒன்று என்பதைத் தவிர அச்சொற்களுக்குள் எந்த உறவும் இருப்பதில்லை. அடுத்தடுத்து வரும் இரண்டு எழுத்துகளைப் பிடித்துக்கொண்டால், பல இடங்களில் ஒலிப்பும் சில இடங்களில் பொருளும் சேர்ந்தே கைக்கு வரும்.

இதற்கெனத் தனியாக ஒரு நோட்டு வைத்து, ஒரு கூட்டத்துக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்க வேண்டும். இடப்பக்கத்தில் கூட்டத்தோடு ஒத்துப்போகும் சொற்களையும் வலப்பக்கத்தில் ஒத்துப்போகாதவற்றையும் பொருளுடன் எழுத வேண்டும். வலப்பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டால் பிள்ளைகள் விதியை அளவுக்கு மீறி நம்பிவிடுவார்கள்.

‘கே’யும் ‘என்’னும் தொடக்கத்தில் சேர்ந்து வரும் கூட்டத்தை முதலில் எடுக்கலாம். இதில் ‘கே’ ஒலிக்காது. நீ என்றால் முழங்கால், நீல் என்றால் மண்டியிடுதல், நக்கிள் என்றால் விரல் முட்டி, நாட் என்றால் முடிச்சு, நிட் என்றால் பின்னுதல், நீட் என்றால் மாவு பிசைதல். முழங்காலிலிருந்து மண்டியிடுதலும், முடிச்சிலிருந்து பின்னுதலும் பிறந்தவை என்று சொல்லிக்கொடுத்தால் இரண்டு சொற்கள் ஒரு சொல்லின் செலவில் நினைவில் நிற்கும். ஒலிக்காத எழுத்தை எதற்கு எழுத வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பது நியாயமே. பழைய ஆங்கிலத்தில் அந்தக் ‘கே’யை வாய்விட்டுச் சொன்னார்கள், ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மன் மொழியில் முழங்காலை இன்றும் ‘க்னீ’ என்றே சொல்கிறார்கள்.

‘டபிள்யூ’வும் ‘ஆரு’ம் சேர்ந்து தொடங்கும் கூட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் அதில் பெரும்பாலான சொற்களுக்குள் ஒரு முறுக்கு இருக்கிறது. ரிங் என்றால் ஈரத்துணியை முறுக்கிப் பிழிதல், ரிஸ்ட் என்றால் திரும்பி வளையும் மணிக்கட்டு, ரென்ச் என்றால் திருகுதல், ரெஸில் என்றால் மல்லுக்கட்டுதல், ரிங்கிள் என்றால் தோலிலோ துணியிலோ விழும் சுருக்கம், ரீத் என்றால் வளைத்துக் கட்டிய மலர்வளையம். தவறு என்று பொருள்படும் ராங் என்ற சொல்லும் முதலில் ‘கோணலானது’ என்ற பொருளில் வழங்கியதுதான். ஒரு கைக்குட்டையை நனைத்துக் கொடுத்துப் பிழியச் சொல்லி, பிழியும்போது மணிக்கட்டு திரும்புவதையும் பிழிந்த துணியில் சுருக்கம் விழுவதையும் காட்டினால், மூன்று சொற்களை ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம். எழுதுதலைக் குறிக்கும் ரைட் வலப்பக்கத்துக்குப் போக வேண்டும்; அதன் வேர்ப்பொருள் கீறுதல்.

‘பி’யும் ‘எச்’சும் சேர்ந்தால் பெரும்பாலும் ‘ஃப’ ஒலி வரும். இச்சொற்களில் பல கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஃபோட்டோ என்பதற்கு ஒளி, ஃபோன் என்பதற்கு ஒலி, ஃபில் என்பதற்கு விருப்பம் என்பது மூலப்பொருள். ஆகவே ஃபோட்டோகிராஃப் ஒளியால் வரைந்தது. ஃபிலாசஃபி அறிவின்மேல் கொண்ட விருப்பம். கேரளத்தில் தெருவுக்கு ஒருவராவது இருக்கும் பிலிப்பின் பெயருக்குக் குதிரைகளை விரும்புபவர் என்று பொருள் என்பதைச் சொன்னால், வகுப்பு அந்தக் கூட்டத்தை மறக்காது. இங்குள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு: மலையாளத்தில் ஒரே எழுத்தையே சில சொற்களில் ‘ஃப’ என்றும் சிலவற்றில் மூச்சுடன் கூடிய ‘ப’ என்றும் ஒலிப்பதை அவர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். வலப்பக்கத்தில் ஆடு மேய்ப்பவரைக் குறிக்கும் ஷெப்பர்ட் வர வேண்டும். அது ஷீப், ஹெர்ட் என்ற இரு சொற்களின் ஒட்டு என்பதால் அங்கே ‘பி’ ஒரு பக்கமும் ‘எச்’ மறுபக்கமும் சேர்ந்தவை.

‘எஸ்’, ‘என்’ கூட்டத்தில் மூக்கு தெரியும்: ஸ்னோர் குறட்டை, ஸ்னிஃப் மோப்பம், ஸ்னவுட் விலங்கின் நீண்ட மூக்கு, ஸ்னஃப் மூக்குப்பொடி. தும்மலைக் குறிக்கும் ஸ்னீஸ் பழங்காலத்தில் ‘எஃப்’, ‘என்’ என்று தொடங்கிப் பின்னர் இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்துகொண்டது. பாம்பும் பனியும் நத்தையும் இதே எழுத்துகளில் தொடங்கினாலும் அவை வலப்பக்கத்துக்கு உரியவை. ‘ஜி’, ‘எல்’ கூட்டத்தில் ஒளி மின்னும்: க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளேர். இப்படி ஒலியும் பொருளும் ஒட்டி வரும் எழுத்துக் கூட்டங்களுக்கு ஜே. ஆர். ஃபிர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1930இல் தனிப்பெயரே வைத்தார். சொல்லின் இறுதியில் ‘எம்’, ‘பி’ வந்தால் ‘பி’ ஒலிக்காது: தம் கட்டைவிரல், லாம் ஆட்டுக்குட்டி, கோம் சீப்பு. பிளம்பர் என்பதில் ஆங்கிலேயர் விழுங்கும் ‘பி’யை நாம் சொல்லிவிடுவதால், எழுத்துப்பிழை வராத சொல் அது ஒன்றுதான் போலும்.

ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் போதும். வார இறுதியில் கேட்டெழுத்து வைக்கும்போது ஆங்கில ஒலியை மட்டும் சொல்லக் கூடாது. பிழிதலும் மோதிரமும் காதுக்கு ஒரே ‘ரிங்’தான், முடிச்சும் இல்லை என்பதும் ஒரே ‘நாட்’தான். ‘துணியைப் பிழி’ என்று தமிழில் சொல்லி, அதற்குரிய ஆங்கிலச் சொல்லை எழுதச் சொல்ல வேண்டும். எழுத்து விடுபட்டால் அச்சொல்லையே பத்து முறை எழுத வைப்பதைவிட, அந்தப் பக்கத்தைத் திறந்து அதன் உறவுச் சொற்கள் நான்கோடு சேர்த்து ஒரு முறை எழுத வைப்பது நல்லது.