கொழும்பு வெக்கையில் புரொசெசரை ஓவர்கிளொக் செய்யும் முறை

மேசைக் கணினியின் புரொசெசரைத் தொழிற்சாலை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பதற்கான வழிகாட்டிகளில் பல, அறை வெப்பநிலை 22 பாகை செல்சியஸை அண்டியிருக்கும் நாடுகளில் எழுதப்பட்டவை. கொழும்பில் சித்திரை மாதப் பிற்பகல் ஒன்றில், வளிச்சீராக்கி இல்லாத அறை 32 பாகையை எட்டுவது வழமை. காற்றாலோ நீராலோ குளிர்விக்கும் எந்தக் கூலரும் புரொசெசரை அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. அறை பத்துப் பாகை சூடேறினால் புரொசெசரும் ஏறத்தாழ அதே அளவு சூடேறும். அங்கே 80 பாகையில் நிற்கும் அமைப்பு இங்கே 90ஐத் தொடும் என்பதால், அவர்களுடைய எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

முதலில் உங்கள் பாகங்கள் இதற்கு இடம் தருகின்றனவா என்று பாருங்கள். இன்டெலில், பெயரின் இறுதியில் ‘கே’ என்ற எழுத்துள்ள புரொசெசரும் ‘இசட்’ வரிசை மதர்போட்டும் வேண்டும். ஏஎம்டியின் ரைசன் புரொசெசர்களில் பெரும்பாலானவை வேகத்தை மாற்ற இடம் தருபவை. ஆனால் ஏ320, ஏ520, ஏ620 மதர்போட்டுகளில் புரொசெசரை ஓவர்கிளொக் செய்ய முடியாது, ‘பி’ அல்லது ‘எக்ஸ்’ வரிசையே வேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் பாகம் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் பெட்டியில் இந்த எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளட்டும். ஓவர்கிளொக்கால் ஏற்படும் சேதத்துக்கு ஏஎம்டியின் உத்தரவாதம் செல்லாது என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

புரொசெசரின் மீடிறன் என்பது 100 மெகாஹேர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பைப் பெருக்கியால் பெருக்கிய அளவு. பெருக்கி 45 என்றால் 4500 மெகாஹேர்ட்ஸ். மீடிறனைக் கூட்டும்போது ஒரு கட்டத்தில் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டிவரும், ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. செலவாகும் வலு மீடிறனுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. பெருக்கியை 45இலிருந்து 48க்கும் மின்னழுத்தத்தை 1.20இலிருந்து 1.35 வோல்ற்றுக்கும் உயர்த்தினால், வேகம் 7 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடும். வெப்பமோ ஏறத்தாழ 35 சதவீதம் கூடும். இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர் மின்னழுத்தத்தைக் கண்மூடித்தனமாக உயர்த்தமாட்டார்.

இந்த அமைப்புகளை மாற்றும் இடமான பயோஸை, அதாவது கணினி தொடங்கும்போது மதர்போட்டிலிருந்து ஓடும் மென்பொருளை, திறப்பதற்கு முன் கணினியைத் துப்புரவாக்குங்கள். காலி வீதியோரம், குறிப்பாக வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும், கடற்காற்றின் ஈரமும் வீதித் தூசியும் சேர்ந்து கூலரின் தகடுகளுக்கிடையில் பிசுபிசுப்பாகப் படிந்துவிடும். அதை அகற்றி, புரொசெசருக்கும் கூலருக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும் தேர்மல் பேஸ்ட்டைப் புதிதாக இடுவதே சில பாகைகளை மீட்டுத் தரும். புரொசெசருடன் வந்த சிறிய கூலரை வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பயோஸைப் புதுப்பிப்பதானால் கணினி யூ.பி.எஸ்ஸில் இருக்க வேண்டும், ஏனெனில் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் நடந்ததைப் போல மின்சாரம் திடீரென நின்றால், பாதி எழுதப்பட்ட பயோஸுடன் மதர்போட்டே செயலிழக்கக்கூடும். 650 வீஏ என்று குறிக்கப்பட்ட யூ.பி.எஸ் பெரும்பாலும் 400 வாற்றுக்கும் குறைவாகவே தாங்கும் என்பதால், கிராபிக்ஸ் அட்டையும் சேர்ந்து முழுச்சுமையில் ஓடும் சோதனையை அதை நம்பிச் செய்யாதீர்கள்.

இனிச் செய்முறை. நினைவகத்தை (ராமை) வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கணினி தடுமாறும்போது குற்றம் புரொசெசரிலா ராமிலா என்று தெரியாது. தொழிற்சாலை நிலையில் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டி, அது தரும் புள்ளியையும், எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் காட்டும் வெப்பநிலை, மின்னழுத்தம் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். பிறகு பயோஸில் பெருக்கியை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அதே சோதனையைச் செய்யுங்கள். கணினி உறைந்தாலோ நீலத் திரை வந்தாலோ மின்னழுத்தத்தை 0.02 வோல்ற்று உயர்த்திப் பாருங்கள். சுமை ஏறும்போது மின்னழுத்தம் சற்றே சரியும். அதை ஈடுசெய்யும் லோட்லைன் அமைப்பை நடுநிலையில் வையுங்கள், ஏனெனில் உச்ச நிலையில் வைத்தால் சுமை விலகும் கணத்தில் மின்னழுத்தம் எகிறிவிடும். முழுச்சுமையில் 1.3 வோல்ற்று என்பதே நான் மதிக்கும் எல்லை. அளவு மீறிய மின்னழுத்தம் சிலிக்கனை நிரந்தரமாகத் தேயச் செய்யும்: இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைப் புரொசெசர்களில் தொழிற்சாலை அமைப்பிலேயே இப்படி நடந்து, 2024 ஓகஸ்ட்டில் அதைத் திருத்தும் மைக்ரோகோட் (புரொசெசரின் உள் மென்பொருள்) வெளியிடப்பட்டது. அவற்றை வைத்திருப்பவர்கள் பயோஸைப் புதுப்பிக்காமல் எதையும் தொடவே கூடாது.

இறுதிச் சோதனையை எப்போது செய்கிறீர்கள் என்பது எந்த மென்பொருளால் செய்கிறீர்கள் என்பதைவிட முக்கியம். உறவினர் ஒருவரின் கணினியை இரவில் வளிச்சீராக்கி அறையில் மூன்று மணித்தியாலம் சோதித்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, மின்விசிறி மட்டும் சுழன்ற அதே அறையில், அவர் செய்துகொண்டிருந்த காணொளித் தொகுப்பின் நடுவில் கணினி அணைந்துபோனது. அன்றிலிருந்து ஓசிசிடி அல்லது பிரைம்95 என்ற சுமைச் சோதனை மென்பொருளை வெயில் உச்சத்தில், வளிச்சீராக்கியை நிறுத்திவிட்டே ஓட்டுகிறேன். அப்போது 85 பாகையைத் தாண்டினால் பெருக்கியில் ஒன்றைக் குறைத்துவிடுகிறேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஎச்இஏ எனப்படும் வன்பொருள் பிழை ஏதும் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். திரையில் ஒன்றும் தெரியாமலே புரொசெசரின் கணக்குகள் பிழையாகிக்கொண்டிருக்கலாம்.

ரைசன் 7000 வரிசையில் பெயர் ‘எக்ஸ்’ என்று முடியும் புரொசெசர்கள், முழுச்சுமையில் 95 பாகை வரை தானாகவே ஏறும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் இந்த 85 பாகை அளவுகோலும் பொருந்தாது, எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டுவதால் பெரிய பயனும் இல்லை. பயோஸில் பிபிஓ என்ற, புரொசெசரைத் தானே வேகமெடுக்க விடும் அமைப்பைத் திறந்து, அதிலுள்ள மின்னழுத்தத்தைச் சீராக்கும் கர்வ் ஒப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மறை 10 என்று கொடுத்துத் தொடங்குங்கள். மின்னழுத்தம் குறைகிறது, சூடு தணிகிறது, மிஞ்சிய இடத்தில் புரொசெசர் தானே வேகமெடுக்கிறது. நமது காலநிலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

கணினி எழும்பாமல் போனால் பதற வேண்டாம். மின் இணைப்பைக் கழற்றி, மதர்போட்டில் பயோஸ் அமைப்புகளை அழிப்பதற்கென உள்ள சிமோஸ் ஊசிகளைச் சில வினாடிகள் இணைத்தாலோ, நாணயம் போன்ற சிஆர்2032 மின்கலத்தைச் சில நிமிடங்கள் எடுத்துவைத்தாலோ பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாம் சீராக ஓடினால் எக்ஸ்எம்பியை மீண்டும் இயக்கிச் சோதனையைத் திரும்பச் செய்து, அமைப்பைப் பயோஸில் ஒரு பெயரில் சேமித்துவையுங்கள். மார்கழிக் குளிரில் செய்த அமைப்பாயின், சித்திரை வந்ததும் அதே சோதனையை இன்னொருமுறை ஓட்டுங்கள்.