வீட்டுப் பட்டறைக்கு முதல் லேத்தும் மில்லிங் மெஷினும்: பார்த்து வாங்குவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டில் குடியிருந்தால் வேலை தீரவே தீராது. கதவுக் குடுமி தேயும். நாதாங்கி கழன்று வரும். முனீஸ்வரன் கோவில் தெருவில் ஆசைப்பட்டு வாங்கி வந்த பித்தளைப் பூட்டுக்குள் ஒரு பின் உடைந்திருக்கும். இதற்கெல்லாம் உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது, கடைந்துதான் எடுக்க வேண்டும். அதற்காகத்தான் மேசை மேல் வைக்கும் சின்ன லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) ஒன்று வாங்கினேன், இரண்டு வருடம் கழித்து மில்லிங் மெஷின் (சுழலும் வெட்டியால் உலோகத்தைச் செதுக்குவது). புதிதாக வாங்க நினைப்பவர்கள் கீழே உள்ள வரிசையில் போனால் பணம் வீணாகாது.

படி 1: முதலில் ஜாப்பை (கடைய வேண்டிய பொருளை) அளந்து எழுதுங்கள்

மெஷின் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நோட்டும் வெர்னியரும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எதைச் செய்யப் போகிறீர்களோ அதன் விட்டம், நீளம், உலோகம் மூன்றையும் எழுதுங்கள். பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் உங்களுக்கு வேண்டிய மெஷினின் அளவு தானாகத் தெரிந்துவிடும்.

நான் இதைச் செய்யாமல் வாங்கினேன். எங்கள் வளவில் தொங்கும் ஊஞ்சலுக்கு மேலே கொக்கிக்குள் இருந்த பின் ஒரு பக்கமாகத் தேய்ந்து, பிறை நிலா மாதிரி ஆகிவிட்டது. 25 மி.மீ. கம்பி வாங்கி வந்து சக்கில் (ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் தாடையில்) நுழைத்தால் உள்ளே போகவில்லை. என் லேத்தின் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) துளை 20 மி.மீ. ஆகவே கம்பியை ஹாக்ஸாவால் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் சக் பிடிக்கும் நீளத்தைக் கழிவாக விட வேண்டியிருந்தது. வாங்கும்போது விற்றவர் சொன்னது இரண்டே எண்கள்: பெட்டுக்கு (லேத்தின் நீளமான அடித்தளத்துக்கு) மேல் 180, நீளம் 350. துளை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. நீங்கள் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். கொஞ்சம் பெரிய மேசை லேத்துகளில் 38 மி.மீ. துளை வருகிறது. ஊஞ்சல், கேட், பம்பு வேலை உள்ளவர்களுக்கு அதுதான் சரி.

படி 2: எண்களைச் சரியாகப் படியுங்கள்

180 மி.மீ. என்பது பெட்டுக்கு மேலே சுற்றக்கூடிய விட்டம். கிராஸ் ஸ்லைடுக்கு (வெட்டும் பிட்டைக் குறுக்காக நகர்த்தும் பகுதிக்கு) மேலே வரும்போது அது 110 அளவுக்குச் சுருங்கிவிடும். நீளமான ஜாப்பின் விட்டத்துக்கு இந்த இரண்டாவது எண்தான் கணக்கு. அதேபோல 350 என்பது ஜாப்பின் இரு முனையையும் தாங்கும் இரண்டு சென்டர்களுக்கு இடையில் உள்ள தூரம். ஒரு பக்கம் சக்கும், மறுபக்கம் டிரில் சக்கும் டிரில் பிட்டும் மாட்டிய பிறகு மீதி இருப்பது பாதிக்கும் குறைவு.

வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வெட்டு வேகத்தை (நிமிடத்துக்கு எத்தனை மீட்டர்) 318ஆல் பெருக்கி, ஜாப்பின் விட்டத்தால் (மி.மீ.) வகுங்கள், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட்டால் எம்எஸ் (மென் எஃகு) கம்பி கடைய நிமிடத்துக்கு 25 மீட்டர் போதும். 25 மி.மீ. கம்பி என்றால் 318 சுற்று. 75 மி.மீ. வார்ப்பிரும்புப் புல்லியை 18 மீட்டரில் கடைய 76 சுற்றுதான் வரும். சின்ன லேத்தில் குமிழைத் திருப்பி அவ்வளவு மெதுவாக ஓட்டலாம், ஆனால் மோட்டாருக்கு இழுவை இருக்காது, பிட் பட்டதும் நின்றுவிடும். புல்லி வேலை இருந்தால் கியரோ பெல்ட்டோ மாற்றி வேகம் குறைக்கிற மெஷினாகப் பாருங்கள்.

படி 3: கனமானதை எடுங்கள்

இரண்டு லேத்துக்கு நடுவில் மனம் ஊசலாடினால் எடை கூடியதை வாங்குங்கள். 180 மி.மீ. வகை ஏறத்தாழ 40 கிலோ, 210 மி.மீ. வகை அதைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கம். லேசான மெஷினில் பார்ட்டிங் (ஜாப்பைத் துண்டாக வெட்டுவது) போட்டுப் பாருங்கள், கீச்சென்று அதிர்ந்து ஜாப்பில் அலை அலையாகத் தழும்பு விழும். கனம் இருந்தால் அதே பிட் அமைதியாக இறங்கும்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பழைய பெரிய லேத் மலிவாக வரும், நல்ல இரும்பும்கூட. ஆனால் பல நூறு கிலோ, மூன்று ஃபேஸ் மோட்டார். வீட்டு நிலைப்படியைத் தாண்டி வருமா என்று முதலில் பாருங்கள். பழையது வாங்கினால் ஒரு சோதனை: கேரேஜை (பிட்டைத் தாங்கி பெட் மேல் நகரும் பகுதியை) சக்குக்குப் பக்கத்தில் வைத்து, ஆடாத அளவுக்கு இறுக்கிவிட்டு, டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் உள்ள தாங்கி) பக்கம் தள்ளுங்கள். போகப் போக இறுகினால் சக் ஓரத்தில் பெட் தேய்ந்திருக்கிறது.

படி 4: மில்லிங் மெஷின் அப்புறம்

இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். லேத்தும் மில்லும் சேர்ந்த ஒரே மெஷினையும் நான் சொல்லமாட்டேன். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போதெல்லாம் செட்டிங் கலையும். லேத்தில் ஆறு மாதம் கை பழகட்டும்.

டிரில்லிங் மெஷினில் எண்ட் மில் (மில்லிங் வெட்டி) மாட்டி மில்லிங் செய்யாதீர்கள். டிரில் சக் கூம்பு பிடிமானத்தில்தான் நிற்கிறது. பக்கவாட்டில் விசை விழுந்தால் சுற்றிக்கொண்டே கழன்று விழும்.

சின்ன மில்லில் செங்குத்துத் தூணைப் பாருங்கள். ஒற்றை போல்ட்டில் சாய்கிற தூண் அதிரும், நிலையான தூண் நல்லது. ஸ்பிண்டிலின் உள் கூம்பு எம்டி3, ஆர்8 என்று இரண்டு வகை வரும். எம்டி3 கூம்பு இறுகிப் பிடிப்பதால் ஒவ்வொரு முறையும் மேலிருந்து தட்டிக் கழற்ற வேண்டும், ஆர்8 எளிதில் விடும்.

மெஷினுக்கு வைத்த பணத்தில் பாதி அளவு தனியாக வையுங்கள். நான்கு தாடைச் சக், ரிவால்விங் சென்டர், டிரில் சக், காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி), மில்லுக்கு நல்ல வைஸ், காலெட் செட் (வெட்டியைக் கவ்விப் பிடிக்கும் வளையங்கள்) இவையெல்லாம் பெட்டியில் வராது.

படி 5: கடையிலேயே சோதியுங்கள்

டயல் கேஜைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்பிண்டிலின் உள் கூம்பில் முள்ளை வைத்துக் கையால் சுற்றினால் ஆட்டம் 0.01 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மூன்று தாடைச் சக்கில் பிடித்த கம்பி 0.08 வரை ஆடுவது சகஜம், அதற்காக மெஷினைத் தள்ளாதீர்கள். கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பும்போது ஸ்லைடு நகராமல் சும்மா சுற்றும் தூரம் 0.2 மி.மீ.க்கு மேல் போனால் மரையைச் சரிசெய்து காட்டச் சொல்லுங்கள்.

படி 6: இடம்

ஆத்தங்குடிக் கல் பாவிய தளத்தில் வைக்காதீர்கள். அது சூளையில் சுடாத சிமெண்டுக் கல், எண்ணெயைக் குடித்துக்கொள்ளும், கறை போகாது. நான் பின்கட்டில் சிமெண்டுத் தரை போட்ட அறையில் வைத்திருக்கிறேன். பழைய வயரிங்கில் பல ப்ளக்குகளுக்கு எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்ட பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே ராத்திரியில் பெட் சிவந்துவிடும். துருவையும் ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953 முதல் இயங்குகிற ஊர் இது. வேலை முடிந்ததும் தூளைத் தூரிகையால் தட்டி, எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்து மூடுங்கள்.

படி 7: முதல் வெட்டு

வேட்டி, துண்டு, மோதிரம், கையுறை எதுவும் கூடாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்கவே கூடாது. மெஷின் ஓடினால் அது முகத்துக்கு நேராகப் பறக்கும்.

20 மி.மீ. எம்எஸ் கம்பியை 75 மி.மீ. நீட்டிப் பிடியுங்கள். டெயில்ஸ்டாக் வேண்டாம். மேலே மெல்லிசாக இரண்டு முறை ஓட்டிவிட்டு, இரண்டு முனையிலும் மைக்ரோமீட்டரால் அளவெடுங்கள். வித்தியாசம் 0.02க்குள் வந்தால் மெஷின் நேராக உட்கார்ந்திருக்கிறது. கூடினால் ஒரு காலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து, திரும்பவும் கடைந்து அளந்து பாருங்கள்.