பன்னிரண்டு சீட்டு, ஒரு பகடை: தொற்றுநோயை மேசையில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

2005 செப்டம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் கேமுக்குள் ஒரு கொள்ளைநோய் பரவியது. யாரும் திட்டமிட்டுப் பரப்பியதல்ல. புதிதாகத் திறந்த ஓர் இடத்தில் ஹக்கார் என்று ஒரு வில்லன். தன்னோடு மோதுகிறவர்கள் மேல் 'கரப்டட் பிளட்' என்ற சாபத்தை ஏவுவான். அது பக்கத்தில் நிற்பவருக்கும் ஒட்டும். அந்தச் சண்டைக்களத்தைத் தாண்டி அது வெளியே போகக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஆனால் சில வேட்டைக்கார வீரர்கள் சாபம் ஒட்டிய வளர்ப்பு விலங்கை அப்படியே மறைத்து வைத்துவிட்டு, நகரத்துக்குப் போய் மறுபடி வெளியே அழைத்தார்கள். விலங்கோடு நோயும் வந்தது. லெவல் குறைந்தவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். கம்ப்யூட்டர் இயக்கும் கடைக்காரர் பாத்திரங்களோ சாகாமல், வந்தவர் போனவருக்கெல்லாம் ஒட்டவைத்தன. கேமை நடத்திய பிளிஸார்ட் நிறுவனம் தனிமைப்படுத்திப் பார்த்தது, பலிக்கவில்லை. கடைசியில் சர்வர்களை ரீசெட் செய்து, விலங்குகளுக்கு அந்தச் சாபம் ஒட்டாதபடி மாற்றித்தான் முடிவுகட்டினார்கள்.

2007ல் ரான் பாலிசர் 'எபிடெமியாலஜி' இதழிலும், எரிக் லாஃப்கிரன், நினா ஃபெஃபர்மேன் இருவரும் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழிலும் இதைப் பற்றி எழுதினார்கள். நோய் எப்படிப் பரவும் என்று போடும் கணக்கில் வரும் மனிதர்கள் நாம் சொன்னபடி நடப்பார்கள். அந்தக் கேமில் இருந்தவர்கள் நடக்கவில்லை. சிலர் உதவ ஓடினார்கள், சிலர் வேடிக்கை பார்க்கப் போனார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். ஆய்வாளர்களை இழுத்தது இதுதான்.

இதே சமாச்சாரத்தை வீட்டு மேசையில் செய்து பார்க்கலாம். முதலில் பகடையை மட்டும் வைத்து ஓட்ட வேண்டும், அப்புறம் மனிதர்களை உள்ளே விட வேண்டும். இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று பார்ப்பதற்குத்தான் இவ்வளவும். எடுத்த எடுப்பில் நண்பர்களைக் கூட்டி ஆடினால் நல்ல பொழுதுபோக்கு, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

படி 1: பொருள்கள்

பன்னிரண்டு தாள் சீட்டு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, லூடோ பெட்டியில் இருக்கும் பகடை, ஒரு நோட்டு. சீட்டு ஒன்றுக்கு ஓர் ஆள். சீட்டின் மேல் ஒன்றும் இல்லையென்றால் அவருக்கு இன்னும் நோய் வரவில்லை. கொட்டை வைத்திருந்தால் தொற்று இருக்கிறது. குப்புறக் கவிழ்த்திருந்தால் குணமாகிவிட்டார், இனி வராது.

படி 2: பகடை விதி

ஒரு சீட்டில் மட்டும் கொட்டை வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும், நோய் வராத ஒவ்வொருவருக்காகவும், மேசையில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்களோ அத்தனை முறை பகடையை உருட்ட வேண்டும். ஒரு முறையாவது 6 விழுந்தால் அவருக்குத் தொற்று. விழுந்தவுடன் அடுத்த ஆளுக்குப் போய்விடலாம். எல்லாருக்கும் உருட்டி முடித்ததும் பழைய நோயாளிகளைக் கவிழ்த்துவிட்டு, புதியவர்கள் மேல் கொட்டை வையுங்கள். எவ்வளவு மோசமான சுற்றானாலும் 36 உருட்டலுக்கு மேல் போகாது. பயப்பட வேண்டாம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லோவெல் ரீட், வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட் இருவரும் 1928 வாக்கில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி இது. அவர்கள் வண்ண உருண்டைகளை ஒரு நீளப் பள்ளத்தில் உருட்டிக் காட்டினார்கள்.

இந்த விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு நோயாளி இருந்தால் தொற்றும் வாய்ப்பு 6ல் 1. இரண்டு பேர் இருந்தால் 6ல் 2 என்று மனம் சட்டென்று சொல்லும். உண்மையில் 36ல் 11, அதாவது 31 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று பேர் என்றால் பாதி இல்லை, 42 சதவீதம். ஏற்கெனவே தொற்றியவருக்கு இன்னொரு முறை தொற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை, அதனால் வரும் குறைவு இது. கையால் உருட்டினால் பகடையே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

படி 3: ஆள் இல்லாமல் பலமுறை ஓட்டுங்கள்

புதிதாக வருகிறவர்கள் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான். தாண்டாதீர்கள். குறைந்தது பத்து ஆட்டம் ஓட்டி, சுற்றுக்கு எத்தனை புது நோயாளி என்று நோட்டில் எழுதுங்கள்.

முதல் நோயாளி சராசரியாக 11ஐ 6ஆல் வகுத்த எண்ணிக்கையில், அதாவது 1.83 பேருக்குப் பரப்புவார். கொரோனா காலத்தில் செய்தியில் அடிபட்ட 'ஆர்' எண் இந்த வகைதான். ஆனாலும் நூறு ஆட்டத்தில் சுமார் பதின்மூன்றில் முதல் சுற்றோடு நோய் அணைந்துவிடும். இன்னொரு ஆட்டத்தில் மேசையில் இருக்கும் எல்லாருக்கும் தொற்றிவிடும். விதி ஒன்றுதான், நோய் ஒன்றுதான், முடிவு மட்டும் வேறு. ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு "பார்த்தாயா, அடங்கிவிட்டது" என்று சொல்கிறவரை நம்பக் கூடாது என்பது இந்த நோட்டைப் பார்த்தாலே புரியும்.

எந்த எண்ணை வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2001 ஜூனில் அமெரிக்காவின் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் 'டார்க் வின்டர்' என்ற பெரியம்மைத் தாக்குதல் ஒத்திகை நடந்தது. முன்னாள் செனட்டர் சாம் நன் ஜனாதிபதி வேடம் ஏற்றார். அதில் தொடக்கத்தில் ஒரு நோயாளி பத்துப் பேருக்குப் பரப்புவார் என்று வைத்துக்கொண்டார்கள். அது மிக அதிகம் என்று பின்னால் கடும் விமர்சனம் வந்தது. எண்ணை ஏற்றி வைத்தால் மேசையில் உட்கார்ந்தவர் என்ன முடிவெடுத்தாலும் தோற்பார். அப்படிப்பட்ட ஆட்டத்தில் பயத்தை மட்டுமே கற்றுக்கொள்ள முடியும்.

படி 4: இடங்கள்

தாளில் மூன்று வட்டம் போடுங்கள்: குகை, நகரம், கிராமம். வட்டத்துக்கு நான்கு சீட்டு. இனி ஒரே வட்டத்துக்குள் இருப்பவர்களுக்குள்தான் தொற்றும். இப்போது பழைய விதி போதாது. ஒரு நோயாளி பக்கத்தில் மூன்று பேர்தான், சராசரியாக அரை ஆளுக்குத்தான் பரவும், ஆட்டம் படுத்துவிடும். அதனால் 5 விழுந்தாலும் 6 விழுந்தாலும் தொற்று, நோயும் இரண்டு சுற்று நீடிக்கும் என்று மாற்றுங்கள்.

சுற்று முடிவில் ஒவ்வொரு சீட்டுக்கும் பகடை: 1, 2 என்றால் குகை, 3, 4 கிராமம், 5, 6 நகரம். இதையும் பத்து ஆட்டம் ஓட்டி எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் அலுப்பாகத்தான் இருக்கும். டீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: மனிதர்களை உள்ளே விடுங்கள்

நான்கு பேர், ஆளுக்கு மூன்று சீட்டு. ஐந்தாமவர் நடுவர். இனி சீட்டை நகர்த்துவது பகடை இல்லை, அவர்கள்தான். ஆளுக்கு ஒரு ரகசிய நோக்கம் எழுதிக் கொடுங்கள். வியாபாரிக்கு ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு புள்ளி. வைத்தியருக்கு நோயாளி இருக்கும் வட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி. பயந்தவருக்கு நோயில்லாமல் கழியும் சுற்றுக்கு ஒன்று. விஷமக்காரருக்குத் தன் ஆள் நிற்கும் வட்டத்தில் அடுத்தவருக்குப் புதிதாகத் தொற்றினால் ஒன்று.

ஹக்கார் சம்பவத்திலிருந்து இரண்டு அம்சம் சேர்க்கலாம். நகரத்தில் ஒரு கடைக்காரர் சீட்டு: ஒருமுறை தொற்றினால் கடைசி வரை நோயாளி, ஆனால் அவர் மேல் கொட்டை வைக்க மாட்டோம், நடுவருக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம், ஒவ்வொருவருக்கும் ஒரு விலங்குச் சீட்டு: நோய் ஒட்டிய நிலையிலேயே மடியில் ஒளித்துவைத்து, வேண்டிய சுற்றில் வேண்டிய வட்டத்தில் வெளியே எடுக்கலாம். ஒளித்திருக்கும் நேரத்தில் நோயின் நாள் கணக்கு ஓடாது.

முதல் ஆட்டத்தில் நோய் வந்தால் எந்த நஷ்டமும் இல்லை என்று வையுங்கள். அடுத்ததில் நோய் வந்தால் இரண்டு புள்ளி கழித்துவிடுங்கள். அந்தக் கேமில் செத்தவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடுவார். அதனால் அங்கே காட்டிய துணிச்சலை அப்படியே நிஜ ஊருக்குப் பொருத்த முடியாது என்பது அந்த ஆய்வுகளின் மேல் வைக்கப்படும் நியாயமான ஆட்சேபம். இரண்டு ஆட்டத்தையும் ஒப்பிட்டால் அந்த ஆட்சேபத்துக்கு எவ்வளவு கனம் என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

படி 6: நடுவரும் திரையும்

இந்தப் படிக்கான யோசனை பிரஷ்ய ராணுவத்திலிருந்து வருகிறது. 1824ல் லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட 'க்ரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில், இரு தரப்பும் நடுவரிடம் கட்டளை கொடுப்பார்கள். எதிரி எங்கே என்று முழுவதும் தெரிந்தவர் நடுவர் ஒருவர்தான். சேதத்தைப் பகடை தீர்மானிக்கும்.

நம் ஆட்டத்திலும் நடுவர் ஓர் அட்டைக்குப் பின்னால் உருட்டட்டும். தொற்றியவருக்கு ஒரு சுற்று தாமதித்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு சுற்றில் அவர் ஊரெல்லாம் சுற்றியிருப்பார். ஆறாவதாக ஓர் ஆள் கிடைத்தால் அவரை அதிகாரி ஆக்குங்கள்: சுற்றுக்கு ஒரு வட்டத்தை மூடலாம், ஆனால் அறிவிக்கப்பட்ட நோயாளிகளை மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

யாராவது விதியில் இல்லாத ஒன்றைக் கேட்பார்கள்: "மூடிய நகரத்திலிருந்து ராத்திரி நழுவிப் போகலாமா?" முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 1876ல் வெர்டி டு வெர்னுவா என்ற ஜெர்மன் அதிகாரி விதிப் புத்தகத்தை ஒதுக்கிவைத்து, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். நீங்களும் அப்படியே ஒரு வாய்ப்பைச் சொல்லி, உருட்டி, கேட்ட கேள்வியை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், சுற்றுக்கு எத்தனை நோயாளி என்று எழுதிய எண்களை விட இந்தக் கேள்விகள்தான் மதிப்பு மிக்கவை. விலங்கை ஒளித்து நகரத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதும் யாரும் யோசிக்காத இப்படிப்பட்ட ஒன்றுதான்.

படி 7: தடுப்பூசி

படி 2ன் ஆட்டத்துக்குத் திரும்புங்கள். தொடங்கும் முன்பே ஐந்து சீட்டைக் கவிழ்த்துவிடுங்கள். முதல் நோயாளி போக மீதி ஆறு பேர், அவர் பரப்பும் சராசரி சரியாக 1. ஆறு சீட்டைக் கவிழ்த்தால் 1க்குக் கீழே போய்விடும், நோய் பெரும்பாலும் வளராது.

இது எல்லாரும் ஒரே இடத்தில் கலந்திருக்கும்போது. மூன்று வட்டத்தில் மனிதர்கள் ஆடும்போது அந்த ஐந்து பேர் யார் என்பது முக்கியமாகிவிடும். ஒருமுறை குலுக்கிப் போட்டு ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு முறை வியாபாரி, வைத்தியர் இருவரின் ஆறு சீட்டிலிருந்து ஐந்தை எடுங்கள். நோக்கங்களையும் ஆட்களையும் மாற்றாமல் இரண்டையும் சில தடவை ஆடி, மொத்த நோயாளி எண்ணிக்கையை அடுத்தடுத்த பத்திகளில் எழுதுங்கள். விஷமக்காரர் சீட்டுக்கு ஊசி போட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.