வண்ணத்துப்பூச்சிக் கூட்டத்தைப் படமெடுக்க வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருவோருக்கு

டிக்கெட் போடும்போதே மழையைப் பார்த்துப் போடுங்கள். பிள்ளைகளின் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வந்தால் கோயம்புத்தூர் பக்கம் வண்ணத்துப்பூச்சிகள் இல்லாமல் போகாது. ஆனால் ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் வலசை போகும் கூட்டம் அப்போது கண்ணில் படுவது அரிது. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டுவதற்கு முன், ஏப்ரல் முதல் ஜூன் வரை, அவை கிழக்கே சமவெளிக்கும் ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலைப் பக்கமும் நகர்கின்றன. செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை மேற்கே திரும்புகின்றன. ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபரைத்தான் சொல்வோம். மழை நின்று இரண்டு நாள் வெயிலடித்தால் அந்த நாட்களை விடாதீர்கள்.

வலசைக் கூட்டத்தில் பெரும்பாலும் இருப்பவை நான்கு: கறுப்புச் சிறகில் வெளிர்நீலக் கோடுகள் ஓடும் நீல வரியனும் கருநீல வரியனும், ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்த வெண்புள்ளிக் கருப்பனும் அதன் உறவான இரட்டைவரிக் கருப்பனும். தமிழ்நாடு 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் வேறு. அது ஆரஞ்சு நிறம், மலைக்காட்டுக்காரன்.

பறந்து போகும் கூட்டத்தைப் படத்தில் பிடிப்பது கடினம். வானத்தில் கறுப்புப் புள்ளிகளாகத்தான் விழும். உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைத் தேடுங்கள். இரவு தங்கும் மரத்தை உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் தெரியும். ‘பட்டாம்பூச்சி கொத்தாத் தொங்குற மரம்’ என்று கேளுங்கள். ஓடை ஓரத்து நிழலில், காய்ந்த கொடிகளில், இலையோடு இலையாகச் சிறகை மூடித் தொங்கும். வெயில் படுவதற்கு முன் போய்விட வேண்டும். உடல் சூடேறாத நேரத்தில் அவற்றால் சட்டென்று பறக்க முடியாது, நிதானமாகப் படமெடுக்கலாம். அதே காரணத்தால் அந்த நேரத்தில் தொந்தரவு செய்வது பெரிய கேடு. எல்லாம் ஒரே நேரத்தில் பறக்கும் படம் வேண்டுமென்று கிளையை உலுக்குபவர்கள் உண்டு. நெடுந்தூரம் போக வேண்டிய உயிர் சேர்த்து வைத்திருக்கும் சக்தியை அது வீணடிக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், உங்களுக்காக டிரைவர் செய்ய முன்வந்தாலும் தடுத்துவிடுங்கள். அரை மணி பொறுத்தால் வெயில் ஏற ஏற அவையே ஒவ்வொன்றாகச் சிறகை விரிக்கும்.

தங்கும் மரத்தடியில் வெளிச்சம் குறைவு. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800 முதல் 1600, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8, ஷட்டர் 1/200 நொடி என்று தொடங்குங்கள். கேமராவைத் தானியங்கியில் விட்டால் கருஞ்சிறகைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளிறவைக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் அளவு குறைத்துக்கொள்ளுங்கள். கொத்தின் பக்கவாட்டுக்கு நேராக, சென்சார் சிறகுக்கு இணையாக இருக்கும்படி நில்லுங்கள். சாய்வாக நின்றால் எஃப் 11 வைத்தாலும் பாதிச் சிறகுகள் மங்கலாகத்தான் வரும்.

ஈர மணலில் கூடும் கூட்டம்தான் படக்காரருக்குக் கிடைக்கும் பெரிய விருந்து. ஓடைக்கரை மணலில் உப்புச்சத்துக்காக ஆண் வண்ணத்துப்பூச்சிகள் நெருக்கி உட்கார்ந்து உறிஞ்சும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் வழியில், நீலகிரி அடிவாரத்தில் உள்ள கல்லாறு இதற்குப் பேர்போனது. வெயில் நாளில் காலை 9.30 முதல் மதியம் 12 வரை நல்ல நேரம். ஒன்றையே கூர்ந்து பாருங்கள்: உறிஞ்சு குழாய் மணலுக்குள் போயிருக்கும், சில இனங்களில் சில நொடிக்கொரு முறை பின்புறத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கும். உப்பை வைத்துக்கொண்டு நீரை வெளியே தள்ளுகிறது. அந்தச் சொட்டு படத்தில் காற்றில் நிற்க வேண்டுமானால் ஷட்டரை 1/1600-ஐவிட வேகமாக வையுங்கள். வெயிலுக்கு எதிராகப் பார்த்தால்தான் சொட்டு மின்னும்.

நின்றபடி மேலிருந்து எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நிழல் மேலே விழுந்த நொடியில் மொத்தக் கூட்டமும் எழும். மூன்று மீட்டர் தள்ளி மண்டியிட்டு, நிழல் பின்னால் விழும்படி பார்த்துக்கொண்டு, ஒரு சாண் நகர்ந்து ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி நகருங்கள். 70–300 லென்ஸ் இருந்தால் ஒன்றரை மீட்டரிலேயே நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளைச் சிறகுக் கூட்டம் வெயிலில் வெளுத்துப்போகாமல் இருக்க ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தின்) வலது ஓரத்தில் முட்டாமல் பாருங்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறதா? ஈர மணலில் இருந்து முக்கால் அடி தள்ளி, மணல் நிரப்பிய சிறு துணிப்பையின் மேல் போனைப் படுக்கை வாட்டில் சாய்த்து வையுங்கள். ஃபோகஸைப் பூட்டி, வீடியோவை ஓடவிட்டு, பத்து மீட்டர் விலகி உட்காருங்கள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து அமரும். கையில் பிடித்து எடுப்பதைவிடப் பல மடங்கு நெருக்கமான காட்சி இதில் கிடைக்கும்.

கிலுகிலுப்பைச் செடியும் தேள்கொடுக்கும் வாடி நிற்கும் இடங்களையும் தவறவிடாதீர்கள். வரியன்களும் கருப்பன்களும் காய்ந்த தண்டில் மொய்த்து, இனச்சேர்க்கை மணத்துக்குத் தேவையான வேதிப்பொருளை உறிஞ்சும். அப்போது அவ்வளவாக மிரளாது.

கல்லாறு யானை வழித்தடம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள், விடியலில் தனியாகப் போகாதீர்கள். அக்டோபரில் மலைப்பக்கம் அட்டை இருக்கும். காலுறைக்குள் பேன்டைச் செருகுங்கள். கொசு மருந்து தடவிய கையால் லென்ஸையும் போனையும் தொடக்கூடாது, சில மருந்துகள் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஏசி அறையிலிருந்து எடுத்த கேமரா வெளியே வந்ததும் புழுக்கத்தில் வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி வையுங்கள். ட்ரோன் கொண்டுவராதீர்கள். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு இந்தியா 2022-இல் தடை விதித்தது, விமான நிலையத்திலேயே போய்விடும். செத்துக் கிடக்கும் பூச்சியைக்கூடப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டச் சிக்கல் வரலாம்.

இலங்கைக்குப் போகிறவர்களுக்குச் சிவனொளிபாதமலை இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகள் மலையை நோக்கிப் பறப்பதால்தான் சிங்களத்தில் அதற்குச் சமனல கந்த, வண்ணத்துப்பூச்சி மலை, என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பங்குனியில் போங்கள். இரவில் ஏறி, உதயம் பார்த்து, உடனே ஓடி இறங்குகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வண்ணத்துப்பூச்சிகள் வெயிலேறிய பிறகே பறக்கும். எட்டு மணிக்கு மேல் ஆறுதலாக, வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குங்கள்.

வலசையைக் கண்டால் இரண்டு தென்னைமரங்களுக்கு நடுவே ஐந்து நிமிடத்தில் எத்தனை கடக்கின்றன, எந்தத் திசையில், என்று எண்ணிக் குறித்து, படத்தோடு ஐநேச்சுரலிஸ்ட்டில் (உயிரினங்களைப் பதிவிடும் இணையதளத்தில்) ஏற்றுங்கள். அதற்கு முன் கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். டொராண்டோ நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் காலைக் கூட்டம் முந்தைய நாள் இரவில் பறந்ததாகப் பதிவாகிவிடும்.